வலிக்காத காலுக்கே முதல் மெத்தை

இரவெல்லாம் ஓய்ந்து கிடந்த பாதம் காலையில் தரையில் ஊன்றும் முதல் அடியிலேயே குதிகாலின் உட்புறத்தில் சுரீரென்று தைப்பதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்த பின் அது மெல்லத் தணிவதும், வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் மறுபடி தலைகாட்டுவதும் நடுவயதைத் தொட்ட பலருக்குப் பழகிப்போன துன்பம். குதிகால் வாதம் என்று வீடுகளில் சொல்லப்படும் இந்த வலிக்கு ஒத்தடம், தைலம், வெந்நீர் என்று தொடங்கும் வைத்தியம் இப்போது பெரும்பாலும் செருப்புக்குள் வைக்கும் ஒரு மெத்தையில் போய் நிற்கிறது. மருந்துக் கடையில் தொங்கும் சிலிகான் குதிகால் மெத்தை, விளையாட்டுப் பொருள் கடையில் விற்கும் நுரை இன்சோல், வணிக வளாகத்தில் கண்ணாடித் தட்டின்மேல் ஏற்றி நிறுத்திப் பாதத்தை வண்ணப் படமாகக் காட்டிய பின் அளவெடுத்துச் செய்து தரப்படும் வளைவுத் தாங்கி என அதன் வடிவங்கள் பல. விலையும் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை ஏறுகிறது. முழங்கால், இடுப்பு, முதுகு என உடலின் எல்லா வலிக்கும் வேர் பாதத்தில்தான் இருக்கிறது என்னும் விற்பனைப் பேச்சும் இவற்றோடு சேர்ந்தே வருகிறது.

அந்தப் பேச்சை உரசிப் பார்த்த மருத்துவ ஆய்வுகள் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றை ஒருசேர வைத்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி விளம்பரத்துக்கு ஏறக்குறைய நேரெதிரானது: செருப்புக்குள் வைக்கும் மெத்தை தன் முழு ஆற்றலைக் காட்டுவது வலியையே உணர முடியாத காலில்தான், வலிக்கும் காலுக்கு அது செய்யும் உதவி உண்மையானது என்றாலும் சிறியது, தற்காலிகமானது, பாதத்தைத் தாண்டி முழங்காலுக்கும் முதுகுக்கும் போகப் போக அந்த உதவி ஏறத்தாழ இல்லாமலே ஆகிவிடுகிறது. இந்த உண்மையின் முதற்பகுதி கண்டறியப்பட்ட இடங்களுள் முதன்மையானது வேலூர் மாவட்டம்.

ஓர் அடிக்குள் நடப்பது

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர் வரை அகன்று செல்லும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று, உள்ளங்கால் வளைவின் இரு முனைகளையும் அடியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறது. மருத்துவ நூல்களில் பிளான்டார் ஃபேசியா எனப்படும் இதனை உள்ளங்கால் நார்ப்பட்டை எனலாம். குதிகால் தரையில் படும் கணத்தில் வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அடுத்த கணம் குதிகால் எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, ராட்டினத்தில் ஏறும் கயிறு வாளியை மேலே கொண்டுவருவதுபோல, நார்ப்பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இறுகி வளைவைத் தூக்குகிறது. தளர்ந்து கிடந்த பாதம் அதனால் விறைத்த நெம்புகோலாக மாறி உடலை முன்னே தள்ளுகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஹிக்ஸ் 1954-இல் விளக்கிக் காட்டிய இந்த இயக்கம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நிகழ்கிறது. நடையில் உடலெடையைவிடச் சற்றுக் கூடுதலான விசையும், ஓட்டத்தில் அதன் இரண்டு மூன்று மடங்கு விசையும் பாதத்தின்மேல் இறங்குகின்றன.

நார்ப்பட்டை குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் திரும்பத் திரும்ப ஏற்படும் இழுவிசை அங்குள்ள இழைகளைச் சிதைக்கும்போதுதான் காலைநேரக் குதிகால் வலி பிறக்கிறது. உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி இருப்பதால் நார்ப்பட்டை சுருங்கிக் கிடக்கிறது. முதல் அடி அதைத் திடீரென நீட்டுகிறது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் குதிகால் முள்ளைக் காட்டி, அது குத்துவதால்தான் வலிக்கிறது என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் அந்த எலும்பு வளர்ச்சி வலியே இல்லாத பலரின் படங்களிலும் காணப்படுகிறது. முள் அப்படியே இருக்க வலி மட்டும் நீங்கிவிடுவதும் வழக்கம்.

செருப்பு அல்லது ஷூவுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளும் மூன்றில் ஒரு வேலையையே செய்ய முடியும்: மென்மையாக இருந்து அழுத்தத்தைப் பரப்புவது, வளைவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நார்ப்பட்டையின் இழுவிசையைக் குறைப்பது, அல்லது ஒரு பக்கம் உயர்ந்த ஆப்பாக நின்று கால் ஊன்றும் கோணத்தை மாற்றுவது. முதலாவது நன்கு நிறுவப்பட்டது, இரண்டாவது ஓரளவு நிறுவப்பட்டது, மூன்றாவது கோட்பாட்டளவில் அழகானது.

இரும்புத் தகடு முதல் நுரை வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க எலும்பு மருத்துவர் ராயல் விட்மன் தட்டைப் பாதத்துக்கென உலோகத் தகடுகளை வளைத்துப் பயன்படுத்தினார். பாதத்தைத் தாங்குவதைவிட உறுத்தி நிமிர்த்துவதே அவற்றின் நோக்கமாக இருந்தது. சிகாகோவில் வில்லியம் ஷோல் 1904-இல் சந்தைக்குக் கொண்டுவந்த வளைவுத் தாங்கி, மருத்துவமனைப் பொருளைக் கடைப் பொருளாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் மெர்ட்டன் ரூட், குதிகால் மூட்டுக்கு ஒரு நடுநிலை உண்டு என்றும், அதிலிருந்து விலகும் பாதத்தை அச்சு வார்த்துச் செய்த தாங்கியால் திருத்த வேண்டும் என்றும் வகுத்த கோட்பாடு அளவெடுத்துச் செய்யும் தொழிலுக்கு அடித்தளமானது. நலமாக நடப்பவர்களின் பாதங்களிலேயே அந்த நடுநிலை காணப்படுவதில்லை என்று பின்னர் வந்த அளவீடுகள் காட்டியபோதும், கோட்பாட்டின் மொழி விற்பனைக் கூடங்களில் இன்றும் குறையாமல் புழங்குகிறது.

கரிகிரி கற்றுத்தந்தது

இதற்கு முற்றிலும் வேறான ஒரு வழியில் வந்தது வேலூரின் கதை. கொல்லிமலையில் சமயப் பணியாற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் பணியில் இறங்கிய அவர் முன்னும், 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு நிலையத்தில் அவரோடு பணியாற்றியவர்கள் முன்னும் விரைவிலேயே வந்து நின்றது பாதங்களின் கேள்வி. தொழுநோய் தசையையே அழுகச் செய்கிறது என்றும், உள்ளங்கால் புண்ணும் விரல் இழப்பும் நோயின் இயல்பான முடிவு என்றும் அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அந்தப் புண்கள் ஓய்வு கொடுத்துக் கட்டுப்போட்டால் ஆறின; நோயாளி எழுந்து நடந்ததும் அதே இடத்தில் மீண்டும் திறந்தன. நோய் அழித்தது வலியை உணரும் நரம்புகளை என்பதும், பாதத்தை அழித்தது நடை என்பதும் அதிலிருந்து புலப்பட்டன.

இக்கருத்தின் நுட்பம் தனியே விளக்கத் தக்கது. நலமான பாதத்தோடு நெடுந்தூரம் நடப்பவர், ஓரிடத்தில் உறுத்தல் கூடத் தொடங்கியதும், தன்னையறியாமலே ஊன்றும் விதத்தை மாற்றிக்கொள்கிறார். சுமை குதிகாலிலிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து முன்பாதத்துக்கும் இடம் மாறுகிறது. தேவையானால் நொண்டவும் செய்கிறார். உணர்விழந்த பாதத்துக்கு நொண்டத் தெரியாது. முதல் அடி எப்படியோ ஐயாயிரமாவது அடியும் அப்படியே அதே எலும்பு முனையின்மேல் விழுவதால், ஒருமுறை பட்டால் எந்தத் தீங்கும் செய்யாத மிதமான அழுத்தம், ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் பட்டு அங்குள்ள தசையைக் கன்றிப்போகச் செய்கிறது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின், எலிகளின் பாதங்களில் இதே அழுத்தத்தை இயந்திரத்தால் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்துத் திசு சிதையும் படிகளைப் பதிவு செய்தார்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் தீர்வு செருப்பில்தான் இருந்தது. சாதாரணப் பஞ்சு ரப்பர் சில வாரங்களில் நசுங்கித் தட்டையாகிவிட்டது. கெட்டி ரப்பர் அழுத்தத்தைப் பரப்பவில்லை. நுண்ணிய மூடிய காற்றறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது இன்று மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். என்று மட்டுமே அறியப்படும் பொருள், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மென்மையோடு கிடைத்தது. அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர், மேலே எம்.சி.ஆர்., காலை விட்டு நழுவாதபடி குதிகாலுக்குப் பின்னே ஒரு வார் என அமைந்த அந்தச் செருப்பு தொழுநோய்ப் பணியில் நாடெங்கும் பரவியது. மருத்துவம் வென்ற அந்த இடத்தில் சமூகம் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: செருப்பின் கறுப்பு நிறமும் பருத்த அமைப்பும் அணிந்தவரின் நோயை ஊருக்கு அறிவித்துவிட்டதால், பெற்றுக்கொண்டவர்கள் பலர் அதை அணிய மறுத்தார்கள்.

[பெட்டிச் செய்தி]
எம்.சி.ஆர். செருப்பு வாங்குபவர் அறிய வேண்டியவை
உணர்வு குறைந்த காலுக்கான எம்.சி.ஆர். தட்டின் மென்மை, ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் அளவுகோலில் 15 என்பது வழக்கமான நிர்ணயம். கறுப்பாக இருக்கும் ரப்பரெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது, கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி, விட்டதும் உடனே எழும்ப வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கொக்கி உள்ள செருப்பு உணர்விழந்த காலுக்கு ஆகாது. அந்த இடுக்கில் புண் வந்தால் நாள்கணக்கில் தெரியாது. செருப்பு செய்வதில் ஆணி பயன்பட்டிருக்கக் கூடாது. தையலும் பசையும் மட்டுமே வேண்டும். புதுச் செருப்பை முதல் நாளிலேயே முழுநேரம் அணியாமல், நாளுக்குச் சிறிது நேரமாகக் கூட்டி, கழற்றிய பின் பாதத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் கால்

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த பின் அந்நோய் சுருங்கிக்கொண்டே வந்தது. உணர்விழந்த கால்களோ பெருகின. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை, கால்விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி நரம்புகளைச் சிதைக்கிறது. மரத்துப்போதல், எரிச்சல், பஞ்சின்மேல் நடக்கும் உணர்வு என்று தொடங்கி, செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து போகும் நிலைக்குக் கொண்டுவிடுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் அதன் பரவல் 14.4 விழுக்காடு. கரிகிரியில் கற்ற பாடத்தை நீரிழிவு மருத்துவம் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது.

அதன் பயனை அளந்த ஆய்வுகளுள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் ஒன்று சென்னை ராயபுரத்தில் உள்ள நீரிழிவு மருத்துவமனையில் நடந்தது. முன்பே பாதப் புண் வந்து ஆறிய 241 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிடப்பட்ட அந்த ஆய்வில், எம்.சி.ஆர்., பாலியூரித்தேன் நுரை, பாதத்துக்கு ஏற்ப வார்த்த தட்டு ஆகியவை வைத்த செருப்புகளை அணிந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கெட்டி அடித்தட்டுச் செருப்பையே அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் புதிய புண் வந்தது. சிறப்புச் செருப்பை விரும்பி ஏற்றவர்கள் பொதுவாகவே கவனமுள்ளவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு பெரிது. வலி மருந்தாகச் சந்தையில் விற்கப்படும் ஒரு பொருளுக்கு இவ்வளவு வலுவான சான்று கிடைத்திருப்பது வலியே இல்லாதவர்களிடத்தில் என்பது மருத்துவ வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

உணர்வு இருக்கிறதா என்று அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வளையும்போது 10 கிராம் விசையை மட்டுமே செலுத்தும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கண்ணை மூடச் சொல்லிக் கேட்பதே உலகெங்கும் வழக்கத்தில் உள்ள சோதனை. ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றப் பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருப்பது, புண் திறப்பதற்கு முன்பே உள்ளே கன்றல் தொடங்கிவிட்டதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. வண்ணப் படம் காட்டும் கண்ணாடித் தட்டை இந்தச் சோதனைகளுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. அதில் தெரியும் சிவப்பு, அவ்விடத்தில் அழுத்தம் கூடுதல் என்பதை மட்டுமே சொல்கிறது. நின்றுகொண்டிருக்கும் எந்த மனிதரின் குதிகாலும் சிவப்பாகத்தான் தெரியும்.

வலிக்கும் காலுக்குக் கிடைப்பது

குதிகால் வலிக்காரர்களிடம் தாங்கிகளைச் சோதித்த ஆய்வுகளில் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஒன்று அதன் அமைப்புக்காகவே குறிப்பிடத் தக்கது. 135 பேரை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு அளவெடுத்துச் செய்த தாங்கியும், இரண்டாம் குழுவுக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கெட்டித் தாங்கியும், மூன்றாம் குழுவுக்குத் தாங்கும் வலுவே இல்லாத மெல்லிய நுரையாலான போலித் தாங்கியும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் முதலிரு குழுவினரின் நடமாட்டம் போலித் தாங்கிக் குழுவைவிடச் சற்று மேம்பட்டிருந்தது. ஓராண்டில் மூன்று குழுக்களும் ஒன்றாகிவிட்டன. அளவெடுத்துச் செய்தது, ஆயத்தமாக வாங்கியதைவிட எந்தக் கட்டத்திலும் மேலோங்கவில்லை. பல ஆயிரம் ரூபாய்க்கும் சில நூறு ரூபாய்க்கும் இடையே தயங்கும் குதிகால் வலிக்காரருக்கு இதைவிடத் தெளிவான தகவல் தேவையில்லை.

ஓராண்டில் வேறுபாடு மறைந்ததற்குக் காரணம், தாங்கி செயலிழந்தது என்பதைவிட, குதிகால் வலியில் பெரும்பகுதி அதற்குள் தானே அடங்கிவிடுவதுதான். அந்த இடைக்காலத்தை எளிதாகக் கடக்க உதவுவதே தாங்கியின் பணி. அதைக் குறுக்குவதற்குப் பயிற்சி கூடுதலாக உதவக்கூடும் என்பதை டென்மார்க்கில் 48 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது: எல்லோருக்கும் குதிகால் மெத்தை கொடுக்கப்பட்ட அந்த ஆய்வில், நார்ப்பட்டையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டியவர்கள் மூன்று மாதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இந்தப் பயிற்சி விற்பனைக்குரியது அன்று. அதனால்தானோ என்னவோ அதற்கு விளம்பரமும் இல்லை.

எந்தத் தாங்கி நல்லது என்னும் கேள்விக்குப் பாதத்தின் வடிவத்தைவிட அணிபவரின் உணர்வே நம்பத் தக்க விடை என்னும் கருத்தும் ஆய்வுலகில் வலுப்பெற்றுள்ளது. கனடாவின் கல்கரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 206 படைவீரர்களிடம் வேறுவேறு உள்தட்டுகளைக் கொடுத்து, அவரவருக்கு இதமானதைத் தேர்ந்துகொள்ளச் செய்தபோது, ஒருவருக்கு இதமானது இன்னொருவருக்கு இதமாக இல்லை. தமக்கு இதமானதை அணிந்தவர்களிடம் வலியும் காயமும், தட்டே அணியாத குழுவைவிடக் குறைவாக இருந்தன. கடையிலேயே போட்டுச் சற்று நேரம் நடந்து பார்த்து, முதல் கணத்திலேயே உறுத்துவதை வாங்காமல் விடுவது அறிவியலுக்கு முரணானது அன்று.

தாங்கியால் தள்ளிப்போடக் கூடாத குதிகால் வலிகளும் உண்டு. இளவயதினருக்கு இரு குதிகால்களும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகு விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தால் அது முதுகெலும்பு மூட்டழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல் ஆகியவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

முழங்காலும் முதுகும்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் மூட்டின் உட்பக்கத்தில் ஏற்படுவதால், பாதத்தின் வெளிவிளிம்பைச் சில டிகிரி உயர்த்தும் ஆப்புத் தட்டு, சுமையை வெளிப்பக்கம் தள்ளி உட்பக்கத்தைக் காக்கும் என்பது கோட்பாடு. நடை ஆய்வுக்கூடங்களில் சுமை சிறிதளவு குறைவதும் அளக்கப்பட்டது. நோயாளியின் வலியில் அது எதிரொலிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் ஆப்புத் தட்டு அணிந்தவர்களுக்கும் சமதட்டு அணிந்தவர்களுக்கும் வலியிலோ குருத்தெலும்புத் தேய்விலோ வேறுபாடு தோன்றவில்லை. 885 பேர் பங்கேற்ற பன்னிரண்டு சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வும், சமதட்டோடு ஒப்பிட்டவரை பயனில்லை என்ற முடிவுக்கே வந்தது.

முதுகுவலியில் நிலைமை இன்னும் தெளிவு. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2007-ஆம் ஆண்டு மதிப்புரை, 2,061 பேர் பங்கேற்ற மூன்று தடுப்புச் சோதனைகளை ஆராய்ந்து, உள்தட்டுகள் முதுகுவலியைத் தடுப்பதில்லை என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகக் கூறியது. ஒரு கால் மற்றதைவிடக் கணிசமாகக் குட்டையாக உள்ளவருக்கு அந்தப் பக்கம் உயர்த்திக் கொடுப்பது வேறு கதை. அது அளந்து உறுதிசெய்து கொடுக்கப்படும் சிகிச்சை. பாதத்தில் தொடங்கிக் கழுத்து வரை ஒரே சங்கிலி என்னும் படம் கடைச் சுவரில் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், அந்தச் சங்கிலியின் மேற்கண்ணிகள் ஆய்வில் இதுவரை அகப்படவில்லை.

தட்டைப் பாதம் என்னும் அச்சம்

பிள்ளையின் ஈரக்கால் தடம் தரையில் வளைவின்றி முழுதாகப் பதிவதைக் கண்டு பெற்றோர் கொள்ளும் கவலையில்தான் இந்தச் சந்தையின் இன்னொரு வாசல் திறக்கிறது. குழந்தைகளின் உள்ளங்கால் கொழுப்பால் நிரம்பியிருப்பதால் தொடக்கத்தில் எல்லாப் பாதமும் தட்டையாகவே தெரியும். வளைவு முதல் பத்தாண்டுகளில் மெல்ல உருவாகிறது. விரல் நுனியில் நிற்கும்போது வளைவு தோன்றி, வலியும் இல்லாத பிள்ளைக்குத் தாங்கி தேவையில்லை என்பதே குழந்தை எலும்பு மருத்துவத்தின் பொதுவான நிலைப்பாடு.

இதில் தென்னிந்தியாவின் பங்களிப்பு ஒன்று உலகப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. கர்நாடகக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுக்குட்பட்ட 2,300 பிள்ளைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செருப்போ ஷூவோ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. ஒரே காலகட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு காரணத்தை முற்றாக நிறுவிவிடாது. ஆனாலும் தெருவில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையைப் பிடித்துத் தாங்கி வைத்த ஷூவில் அடைப்பதற்கு முன் இந்த எண்கள் நினைவுக்கு வரலாம்.

[பெட்டிச் செய்தி]
அகலமான பாதம், குறுகிய ஷூ
சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதன் முக்கிய முடிவு. இன்று கடைகளில் உள்ள அளவுமுறை பிரிட்டிஷார் காலத்தில் வந்தது. அகலத்துக்கு இடமின்றி நீளத்தை மட்டும் கூட்டி வாங்கும் வழக்கம் அதனால் வேரூன்றியது. ஏற்கெனவே குறுகலான ஷூவுக்குள் மேலும் ஒரு தட்டை நுழைத்தால் பாதம் மேலெழும்பி, முன்பக்கம் நெரிந்து, கால் ஆணியும் நகக்கண் புண்ணும் வரக்கூடும். உடன் வந்த உள்தட்டைக் கழற்றிவிட்டே புதியதை வைக்க வேண்டும்.

நிற்பவர்களின் கால்

கால்வலிக்காக மெத்தை வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் நின்றே வேலை செய்பவர்கள். ஜவுளிக் கடை விற்பனையாளர், சமையற்கூடப் பணியாளர், காவலாளி, செவிலியர், போக்குவரத்துக் காவலர் எனப் பட்டியல் நீளும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த விசை ஓய்ந்து, ரத்தம் காலில் தேங்கி, மாலைக்குள் பாதம் வீங்கி, ஆண்டுக்கணக்கில் நரம்புச்சுருட்டல் வரை போகிறது. உள்ளங்காலின் அடியில் வைக்கும் நுரைக்கு இந்தத் தேக்கத்தோடு தொடர்பே இல்லை. வேண்டியது இருக்கை.

கேரளம் 2018-இல் செய்ததைப் பின்பற்றித் தமிழ்நாடு 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, பணியின் இடையே கிடைக்கும் வாய்ப்பில் உட்காரத் தக்க இருக்கையை எல்லா ஊழியர்களுக்கும் அளிப்பதைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றபடியே இருப்பதுதான் மரியாதை என்று எதிர்பார்க்கும் முதலாளி இருக்கும் கடையில் நாற்காலி வந்தாலும் அது காலியாகவே கிடக்கும் என்பது தனி விவாதம். ஊழியர் தம் சொந்தப் பணத்தில் இன்சோல் வாங்கிச் சமாளிப்பது, கடைக்காரரின் கடமையைக் காலின் குறையாக மாற்றிக் காட்டுகிறது.

வாசற்படியில் கழலும் மருந்து

உள்தட்டு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளும் ஷூ அணிந்து நடக்கும் நாடுகளில் நடந்தவை. தமிழ்நாட்டில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. காலையின் முதல் அடி, சமையலறையில் நிற்கும் நேரம், மாடிப்படி ஏற்றம் எல்லாம் கல்தரையிலும் டைல்ஸிலும் வெறுங்காலில்தான். குதிகால் வலியுள்ள இல்லத்தரசிக்கு வெளியே அணியும் செருப்பில் மெத்தை வைத்துக் கொடுப்பது, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று தனியே ஒரு ஜோடி மெத்தைச் செருப்பு வைத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்; பூசையறைக்கு முன்னால் மட்டும் கழற்றிக்கொள்வது என்ற ஏற்பாட்டுக்குப் பல குடும்பங்கள் ஒத்துவருகின்றன, பல இன்னும் ஒத்துவரவில்லை.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது வலிக்கும் காலுக்குச் சில மாத அசௌகரியம். உணர்விழந்த காலுக்கோ ஒரு மணி நேர வெறுங்கால் நடையே போதுமான ஆபத்து. சித்திரை, வைகாசி வெயிலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தளத்தில் மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடும்போது, நீரிழிவால் நரம்பிழந்தவர் நிதானமாக நடந்து சுற்றி முடிக்கிறார். கொப்புளம் அன்றிரவு கால் கழுவும்போதோ, மறுநாள் பாயில் படிந்த ஈரத்திலோதான் தெரிகிறது. பாதயாத்திரை செல்லும் அடியவர்களிடமும் இதே நிலை. விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பின் வழிபாட்டை வைத்துக்கொள்வதும், வெளிச்சுற்றைத் தவிர்த்து விரிப்பு போட்ட பாதையிலேயே நடப்பதும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும், பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்வதும், இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு எது கூடுதலாகச் சுடுகிறது என்று அறிவதும் இவர்களுக்கு வகுக்கப்பட்டுள்ள எளிய வழிகள். செருப்பைப் போடும் முன் தலைகீழாகத் தட்டி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், எம்.சி.ஆர். தட்டு நசுங்கி விரலழுத்தத்துக்கு எழும்பாமல் போனதும் மேல்வார் புதிதாகத் தோன்றினாலும் அடித்தட்டை மாற்றிவிடுவதும் அந்த வரிசையில் சேரும்.